மேலும் காண்க

பக்கத்துக்கு மூன்று கனடா வெள்ளி,
நம் காசில் ஒன்பது சொச்சம்.
அதற்காக ஜெலுத்தோங்கில், பதினோராம் மாடியில்,
கனத்த புத்தகங்களுக்கு வால் செய்கிறேன்.
யாரும் வாசிக்காத,
எல்லாரும் விரல் வைத்துத் தேடுகிற
கடைசிப் பக்கங்கள்: பொருளடைவு.

கோதுமை வாரியத்துக்குச் செய்திருக்கிறேன்.
பிரெஞ்சுப் பள்ளிக்கூடச் சண்டைக்கு.
ஏரிக்கரைத் திருச்சபைகளின் வரவு செலவுக்கு.
பனி என்ற ஒரு சொல்லுக்கு அடியில்
ஏழு கிளை பிரித்திருக்கிறேன்:
அகற்றும் செலவு, சட்டங்கள், சாவுகள்...
நான் தொட்ட பனி
மீன்கடைப் பெட்டியில் கிடப்பது.

இந்த மாதம் வந்தது
கியூபெக்கின் ரப்பர் காலணி ஆலைகள்.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
எழுதியவர் பொல்லாத பொறுமைக்காரர்.
சம்பள உறை, ஞானஸ்நானப் பதிவு, ஆஸ்பத்திரிச் சீட்டு
எல்லாம் கிளறி
ஆலைப் பெண்கள் அத்தனை பேருக்கும்
பெயர் மீட்டிருக்கிறார்.

புவாரியே, அல்மா:
விரல் இழந்தது, 88
சங்கத்தில் சேர்ந்தது, 140
திருமணம், 141
சங்கத்திலிருந்து விலகியது, 142

ஞாயிற்றுப் பூசையில் பக்கத்து இருக்கைக்காரி
மூக்கைப் பொத்திக்கொள்வாளாம்,
அல்மாவின் தலைமுடியில் அத்தனை ரப்பர் வாடை.
அந்த வரியைப் படிக்கும்போது
கீழே ஆ லெங் டயர் கடையில்
யாருடைய சக்கரத்தையோ ஒட்டுகிறார்கள்.
ஜன்னலைச் சாத்தவில்லை.
அல்மாவுக்கு மரியாதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கம் 31.
"மலாயாவிலிருந்து கச்சா ரப்பர்
மொன்ட்ரியலுக்கு வந்து சேர்ந்தது."
அவ்வளவுதான்.
எழுவாய் ரப்பர். அஃறிணை ஒருமை.
தானே பால் வடித்து, தானே உறைந்து,
தானே புகைபோட்டுக்கொண்டு
துறைமுகம் வரை நடந்து போய்
டிக்கெட் எடுத்துக் கப்பலேறியதுபோல.

அப்பா பிறந்தது சுங்கை பட்டாணிப் பக்கம்,
ஒரு தோட்டத்தின் மூணாம் டிவிஷன்.
அங்கேயும் இருட்டோடு இருட்டாகப்
பெரட்டில் பெயர் கூப்பிட்டார்கள்.
செக்ரோலில் ஏறிய பெயர்கள்தான்.
அந்தச் செக்ரோல் எந்த அலமாரியில்,
எந்தக் கரையான் வயிற்றில்?
உண்மையைச் சொன்னால்
நானும் தேடிப் போனதில்லை.

என் தொழிலுக்கு ஒரே சட்டம்:
புத்தகத்தில் இல்லாதது
அடைவில் இருக்கக் கூடாது.
பதினாறு வருஷத்தில் மீறியதில்லை.
அன்று இரவு
சுங்கவரி என்பதற்கு ஒரு வரி மேலே
(அவர்கள் அகரவரிசை கொடுத்த இடம் அது)
கித்தா மரம் சீவியவர்கள் என்று தட்டினேன்.
ஒரு காற்புள்ளி.
அதற்குப் பிறகு எண் இல்லை.

அவர்களுக்குக் காலை, எனக்கு ராத்திரி பத்து.
மார்கிரெட் ஊலெ எழுதுகிறார்:
அன்புள்ள தவமணி, வழக்கம்போல அருமை.
ஒரு பதிவில் பக்க எண் விடுபட்டிருக்கிறது.
சேர்க்கவா, நீக்கவா?

விடுபட்டது எண் இல்லை, அம்மா
என்று எழுதி, அழித்தேன்.
நல்ல பெண்மணி. பணம் தாமதித்ததில்லை.
மைலோ கலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து
சட்டத்துக்குள்ளேயே ஒரு சந்து தேடினேன்.

கித்தா மரம் சீவியவர்கள்,
காண்க: ரப்பர், கச்சா, வந்து சேர்ந்தது.

"சரி" என்று ஒற்றைச் சொல்லில் பதில்.
அதோடு பில் கேட்டார்.

இனி என்றாவது
ஏதோ ஒரு குளிர்ந்த நூலகத்தில்
சுங்கவரியைத் தேடி இறங்கும் விரல்
ஒரு வரி பிசகி
மேலே தங்கக்கூடும்.
தங்காமலும் போகலாம்.

அடுத்த கட்டு வந்துவிட்டது:
வடக்கு ஆறுகளில் மரம் வெட்டி மிதக்கவிட்ட காலம்,
ஐந்நூற்று ஆறு பக்கம்.
முதல் அத்தியாயம், இரண்டாம் பத்தியில்
"கட்டைகள் வந்து சேர்ந்தன" என்றிருக்கிறது.
இம்முறை பன்மை.

பென்சிலைச் சீவிக்கொண்டு உட்காருகிறேன்.